அட்டைப் பெட்டித் தெரு

பயம் நாளாக நாளாகப் பழகிப்போகும் என்று டீச்சர் நினைத்திருந்தாள். பழகவில்லை.

அவளுடைய அக்கா ஒரு கையில் பையும் இன்னொரு கையில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணுமாக வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், சலவைக்கடை மாடியில் சத்தமில்லாமல் ஓர் அறை பிடித்ததும், குழந்தையைத் தன்னுடைய இரண்டாம் வகுப்பிலேயே டீச்சர் சேர்த்துக்கொண்டதும் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். இன்றுதான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அக்கா தன் கணவரிடமிருந்து தப்பி வந்திருக்கிறாள். அவள் இருக்கும் வீடு அவருக்குத் தெரியக்கூடாது.

அத்தான் கத்துகிற ஆள் இல்லை. கல்யாணமான நாள் முதல் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்ததையும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டேதான் செய்தார். அக்காவின் இடது சுண்டுவிரல் இன்னமும் முழுசாக நீளாது. கேட்டவர்களிடமெல்லாம் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று அவளே சொல்லி முடித்திருந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இது செயல்வழி வாரம். புத்தகம் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. கையால் செய்து, காலால் நடந்து கற்றுக்கொள்ள வேண்டும். டீச்சர் தன் வகுப்புக்கு எடுத்துக்கொண்டது 'எங்கள் தெரு'.

திங்கட்கிழமை பிள்ளைகள் எல்லோரும் நீளமான ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தார்கள். பேக்கரி, மருந்துக்கடை, சலவைக்கடை, மணிக்கூண்டு, பாலம். வழியெல்லாம் இது இடது, இது வலது, இது பக்கம், இது தூரம் என்று கூச்சல். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வீடு காலி அட்டைப் பெட்டிகள் வந்து குவிந்தன. புதன்கிழமை பசையும் வண்ணமும். வியாழக்கிழமை மத்தியானம், வகுப்பறைத் தரை முழுக்க ஒரு சின்ன ஊரே எழுந்து நிற்க, பெற்றோர்கள் வந்து பார்க்க வேண்டும்.

இந்த அத்தியாயம் அந்த வியாழக்கிழமையைப் பற்றியது.

அன்று காலை டீச்சரின் கணவர்தான் மீதமிருந்த பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக். எதைக் கட்டினாலும் அவிழாது. கட்டிக்கொண்டே, இவர்கள் எத்தனை நாள்தான் இப்படி ஒளிந்துகொண்டிருப்பார்கள், அந்த மனுஷனும் பெற்ற தகப்பன்தானே என்று வழக்கம்போல ஆரம்பித்தார். டீச்சர் வழக்கம்போலக் காதில் வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். யாரும் யாரோடும் சண்டை போடக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை இல்லை.

டீச்சரின் மனசை அரித்தது வேறொன்று.

அக்கா பெண்ணுக்கு வீட்டில் பெயர் மிளகு. அவ்வளவு பொடிசு, அவ்வளவு காரம். ஊரைக் கட்ட ஆரம்பித்தபோதே டீச்சர் முன்யோசனையாக அவளுக்கு பேக்கரியைக் கொடுத்திருந்தாள். மற்ற பிள்ளைகள் அவரவர் வீட்டைக் கட்டட்டும், இவள் கட்ட வேண்டாம். ஆனால் புதன்கிழமை ஆசிரியர் கூட்டம் முடிந்து டீச்சர் வகுப்புக்குத் திரும்பியபோது, சலவைக்கடைப் பெட்டியின் தலையில் இன்னொரு பெட்டி ஏறியிருந்தது. பக்கவாட்டில் நீல வண்ணம் அடித்த காகிதப் படிக்கட்டு. ஜன்னலில் ஒரு துண்டுத் துணி, திரையாக.

"இது என்னோட வீடு, டீச்சர்," என்றாள் மிளகு. பள்ளியில் சித்தி என்று கூப்பிடக்கூடாது என்பது அவளுக்குப் பாடம்.

எல்லோருக்கும் ஒரு வீடு இருக்கும்போது அவளுக்கு மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது? டீச்சருக்கு அதைப் பிய்த்துப் போட மனசு வரவில்லை. பெயர் எழுதவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் பெற்றோர்கள் வந்தார்கள். கடைக்காரர், நர்ஸ், டிரைவர், கைக்குழந்தையோடு இரண்டு அம்மாக்கள். நடக்க இடம் போதாமல் எல்லோரும் பாலத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஒற்றைக் காலில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள்தான் வழிகாட்டிகள். மிளகு நாற்சந்தியில் காகிதத் தொப்பியும் விசிலுமாகப் போக்குவரத்துக் காவலர். அவள் ஊதுகிற ஊதலில் காது கிழிந்தது.

டீச்சர் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கை நீண்டு வண்ணப் பென்சில் டப்பா ஒன்றைக் காட்டியது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைக் கை.

"நல்லா இருக்கியாம்மா?"

"வாங்க அத்தான்," என்றாள் டீச்சர்.

வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாரை வரவேற்றிருக்கிறோம் என்பது உறைத்தது. பின்னால் இரண்டு பேர் உள்ளே வர இடம் கேட்டு நின்றார்கள். அவர் அவர்களுக்கு வழிவிட்டு, அவர்களோடு சேர்ந்தே உள்ளே போய்விட்டார்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் நேராக நாற்சந்திக்குப் போனார். குனிந்து மகளின் தலையைத் தடவினார். பென்சில் டப்பாவைக் கொடுத்தார். மிளகு விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை; ஊதவும் இல்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். ஓட்டம் இல்லை, அழுகை இல்லை. அந்த அமைதிதான் டீச்சருக்கு இன்னும் பயமாக இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சர் குழந்தையிடம் போய்ச் சேர்ந்து தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்குள் அவர் நகர்ந்துவிட்டார். அறையின் அந்தக் கோடியில், முழங்காலை மடித்துப் பெட்டிகளின் நடுவே உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் வாயாடி என்று வகுப்பே கூப்பிடும் ஒரு பெண், மிளகின் உயிர்த்தோழி.

"இதுதான் அங்கிள் அவ வீடு. கீழ சலவைக்கடை, மேல அவளும் அவ அம்மாவும். படி நீலக் கலர்ல இருக்கும்."

"அப்படியா? ஸ்கூல்லேர்ந்து எப்படிம்மா போகணும்?"

நான், நான் என்று பிள்ளைகள் அவரைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். அவர் இரண்டு விரல்களைக் கால்கள் போல வைத்துக் காகிதச் சாலையில் நடத்திக் காட்ட, ஆளுக்கொரு பக்கம் இடது என்றும் வலது என்றும் கத்தி வழி சொன்னார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று டீச்சரின் காதில் விழவில்லை. யாரோ ஒரு பையன் பஸ் ஓட்டிக்கொண்டே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். வாரம் முழுக்கத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுகூட வீண்போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். டீச்சரைத் தாண்டும்போது நின்றார்.

"பசங்களுக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்கே. பொண்ணு இங்கேயே இருக்கட்டும். நான் போய் அவ அம்மாவைப் பார்த்துட்டு வந்துடறேன்."

அவர் போன பிறகும் அந்த மெல்லிய குரல் அறையிலேயே இருந்தது.

அக்கா வேலை செய்வது பல் செட் தயாரிக்கும் ஒரு கூடத்தில். மாவுபோன்ற சுண்ணச்சாந்தைக் குழைத்து வாய் அச்சு வார்ப்பது அவள் வேலை. கையெல்லாம் சாந்தாக இருக்கும் என்பதால் போனைப் பையோடு அலமாரியில் வைத்துவிடுவாள். பள்ளி விடுவதற்குச் சற்று முன் வேலை முடித்து வீட்டுக்குப் போவாள். இப்போது கிளம்பியிருப்பாள். அல்லது கிளம்பிக்கொண்டிருப்பாள்.

டீச்சர் அழைத்தாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. கணவரை அழைத்தாள். வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் அதே.

வகுப்பு நிறையப் பிள்ளைகளையும் பெற்றோரையும் விட்டுவிட்டு எப்படிப் போவது? போக வேண்டுமென்றால் தலைமையாசிரியையிடம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். மிளகைச் சேர்க்கும்போது, தகப்பன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று சொல்லிவைத்திருந்தாள். குடும்ப விஷயம், சந்தி சிரிக்கக்கூடாது என்றுதான் அக்காவும் தங்கையும் பேசி வைத்திருந்தார்கள்.

மிளகைக் கையில் பிடித்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்கு ஏறக்குறைய ஓடினாள். ஹெச்.எம். மேடம் சாக்பீஸைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர். அவர் எதிரில் நின்று டீச்சர் சொல்லத் தொடங்கினாள். விரல், தாழ்ப்பாள், விடியற்காலை பஸ், பொய், இன்று. கோர்வையில்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு. குழந்தை பக்கத்தில் நிற்கிறது என்பதே பாதியில்தான் நினைவு வந்தது. ஆனால் குழந்தைக்குத் தெரியாத எதையும் அவள் சொல்லவில்லை.

ஹெச்.எம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, பெற்றோர்கள் போனதும் கேட்டைப் பூட்டச் சொன்னார். வகுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மிளகுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதை நீங்க சேர்க்கிற அன்னிக்கே சொல்லியிருக்கணும். உங்களை அப்புறமா திட்டறேன். இப்ப போங்க."

டீச்சர் ஓடினாள். திங்கட்கிழமை கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடி நடந்த அதே தெரு. பேக்கரி. மருந்துக்கடை. அங்கே திரும்ப வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை போட்ட ஒவ்வொரு முதுகும் அவருடையதாகத் தெரிந்தது. ஒரு முதுகைத் தாண்டும்போது அது திரும்பிப் பார்த்தது; யாரோ ஒரு கிழவர், என்னம்மா ஆச்சு என்றார்.

சலவைக்கடையில் யாரும் இல்லை. உள்ளே இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நீலப் படியில் சத்தம் வராமல் கால் வைத்து ஏறினாள். அறை பூட்டியிருந்தது. தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே நுழைந்து தாழிட்டுக்கொண்டாள். கட்டிலின் கீழே, திரைக்குப் பின்னே எல்லாம் பார்த்தாள். அக்கா இன்னும் வரவில்லை. வந்துகொண்டிருப்பாள். அவர் இந்தத் தெருவில் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

மெதுவாக ஏறி வந்தது. பாதியில் நின்றது. மறுபடி ஏறியது. டீச்சர் கதவில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றாள். கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு? பெரியம்மாவா, சின்னம்மாவா? வெள்ளைத் துணி ரெடி. கொண்டாந்திருக்கேன்."

சலவைக்கடைக்காரர். டீச்சர் கதவைத் திறக்கவில்லை. அவர் துணியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. ஹெச்.எம்.

"டீச்சர், அவர் அங்க வரமாட்டார். உங்க அக்கா பொண்ணு இப்பதான் வாயைத் திறந்தா." ஹெச்.எம். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து சாயந்தரம் வேலிக்கு வெளியில நின்னு அவர் இவகிட்ட பேசியிருக்கார். நாளைக்கு உன் வீட்டைப் பார்க்க வரேன், அம்மாகிட்ட சொன்னா அம்மாவுக்குத்தான் வலிக்கும்னு. அதனால இவ சாப்பாட்டு நேரத்துல யாருக்கும் தெரியாம சலவைக்கடையோட சேர்த்து அந்த வீட்டையே தூக்கி வேற இடத்துல வச்சிருக்கா."

ஒரு முழு நாள் அந்தச் சின்ன நெஞ்சு தனியாக இதைச் சுமந்துகொண்டு விசில் ஊதியிருக்கிறது.

"எங்க மேடம் வச்சா?"

"இருங்க, கேட்கறேன்... மணிக்கூண்டுக்குப் பின்னாடி. அங்க ஒரு இடம் காலியா இருந்துச்சாம்."

டீச்சர் எழுந்து நின்றாள். வகுப்பறை ஊரில் அது காலி இடம். அந்தச் சந்துக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக இடமில்லை என்று அவள்தான் திங்கட்கிழமை பிள்ளைகளைத் திருப்பி அழைத்து வந்திருந்தாள். அதனால் அங்கே யாரும் எதையும் கட்டவில்லை.

நிஜ ஊரில், மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில்தான் பல் செட் கூடம் இருந்தது. அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று மிளகுக்கு யாரும் சொன்னதில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று விட்டிருந்தார்கள்.

கூடத்தில் அன்று அவசர வேலை. சாயந்தரத்துக்குள் ஓர் ஆர்டர் முடிந்தாக வேண்டும் என்பதால் அக்கா கிளம்பவில்லை. பாலிஷ் மோட்டார் அலறிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவரை எல்லோரும் பாலிஷ்காரர் என்பார்கள். முடிந்த செட்டுகளை வரிசையாக வைத்து, இவ்வளவு பேர் சிரிக்கிறாங்க, ஒருத்தராவது நமக்கு ஒரு டீ சொல்றாங்களா பாரு என்று அவர் சொல்ல, அக்கா சிரித்தாள். இங்கே வந்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு திரும்பியிருந்தது.

அச்சைக் காய வைக்க முன்பக்க அலமாரிக்கு வந்தவள், கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள்.

சந்தின் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடி, ஒவ்வொரு மாடிப்படியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை மடிப்பைப் பார்த்தாலே போதும். அவளே வருஷக்கணக்காகப் போட்ட மடிப்பு.

அவளுடைய முதல் எண்ணம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடலாம் என்பதுதான். கூப்பிடுவதற்குள் தானாகவே போய் நின்றால் வலி கொஞ்சம் குறைவாக இருக்கும். அது பழைய கணக்கு. கால் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டது. அப்புறம்தான் கையைப் பார்த்தாள். முழங்கை வரை வெள்ளை. குழைத்து வைத்த சாந்து பாத்திரத்தில் இறுகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் யாருக்கும் பயன்படாது.

உள்ளே திரும்பினாள். பாலிஷ்காரரின் தோளைத் தொட்டாள். மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, வீட்டுக்காரர் கப்பலில் வேலை செய்கிறார் என்று அவரிடமும் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, வெளியில ஒருத்தர் நிக்கிறார். அவர்தான் என் வீட்டுக்காரர். கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவருக்குப் பயந்துதான் இங்க வந்து கிடக்கிறேன். ஷட்டரை இறக்கிடுங்கண்ணே."

பாலிஷ்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவளை உள்ளறைக்குப் போகச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் ஷட்டரை இழுத்தார். பாதி இறங்கியபோது அதன் கீழே ஒரு ஜோடி மெருகிட்ட செருப்புகள் வந்து நின்றன.

"மன்னிக்கணும். இந்தச் சந்துல சலவைக்கடை ஒண்ணு, மாடியோட இருக்குதாமே?"

"சலவைக்கடையா? இது பல் செட் கடை சார். நாங்க துணி வெளுக்கிறதில்ல, பல்லுதான் வெளுக்கிறோம்."

உள்ளறையில் அக்கா வாயைச் சாந்துக் கையாலேயே பொத்திக்கொண்டாள்.

வெளியே செருப்புகள் ஓர் அடி பின்வாங்கின. அப்புறம் அந்தக் குரல், கொஞ்சமும் கோபம் இல்லாமல், "அப்போ குழந்தைங்க தப்பா சொல்லியிருக்கும். பரவாயில்ல, கேட்டுக்கறேன்," என்றது.

ஷட்டர் தரையைத் தொட்டது.

டீச்சர் சந்தின் முனைக்கு வந்தபோது அவர் அங்கிருந்து திரும்பி நடந்து வருவதைக் கண்டாள். ஒதுங்க இடமில்லை. முனையிலிருந்த மின்சாதனக் கடைக்குள் புகுந்து, தொங்கிக்கொண்டிருந்த வயர் சுருள்களுக்குப் பின்னால் நின்றாள். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். உதட்டில் விரல் வைத்தாள். பாவம், அவர் பயந்துபோய்ப் பேசாமல் இருந்தார்.

அத்தான் கடை வாசலிலேயே நின்றார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார்.

"ஆங், சகலை. பொண்ணைப் பார்த்துட்டேன். நீங்க அனுப்பின போட்டோவுல இருந்ததைவிட இளைச்சிருக்கா... ஸ்கூல்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல, நீங்க சொன்ன நேரத்துக்குத்தான் போனேன்... வீடுதான் கிடைக்கல. ஏன் சகலை, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதா? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

சிரித்துக்கொண்டே நகர்ந்து போனார்.

சகலை. அக்கா, தங்கையைக் கட்டிய இருவர் ஒருவரையொருவர் அழைக்கும் பெயர். அந்த உரிமையோடு அவர் கூப்பிடக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் இன்று காலை டீச்சருக்குப் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தார். எதைக் கட்டினாலும் அவிழாமல் கட்டுகிறவர்.

அக்காவைப் பார்க்கும்போது ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவளால், கூடத்தின் பின்வாசல் வழியாக உள்ளே போனபோது அவளருகே ஒரு ஸ்டூலில் உட்காரத்தான் முடிந்தது. சுற்றிலும் பல் வரிசைகள். பாலிஷ்காரர் டீ வரவழைத்தார். அதைக் குடித்த பிறகு டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். மிளகு, வேலி, பெட்டி. கடைசியாகச் சகலை.

அக்கா நீண்ட நேரம் தன் கையில் காய்ந்த சாந்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்காரரைத் திட்டாதே. என் வீட்டுக்காரர் பேசினா எல்லாருக்கும் அவர் பாவம்னுதான் தோணும். எனக்கே எத்தனையோ வருஷம் தோணியிருக்கு," என்றாள்.

"நான் திட்டப் போறதில்ல. எனக்கு பயமா இருக்குக்கா."

இருவரும் பள்ளிக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் எல்லோரும் போயிருந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் முகத்தைப் பார்த்த பிறகுதான் திறந்தார்.

மிளகு வகுப்பறையில் இருந்தாள். ஹெச்.எம். தன் வயதுக்கும் பதவிக்கும் பொருந்தாமல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அவளோடு அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் மிளகு எழுந்து ஓடி வரவில்லை. இருந்த இடத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நான் உன்கிட்ட சொல்லலம்மா. சொன்னா உனக்கு வலிக்கும்னாரு."

அக்கா மண்டியிட்டு அவளை வாரி எடுத்துக்கொண்டாள். தோளில் சாந்துப் பொடி ஒட்டியது. இனிமேல் எதைச் சொன்னாலும் அம்மாவுக்கு வலிக்காது, சொல்லாவிட்டால்தான் வலிக்கும் என்று காதோரம் சொன்னாள். பெட்டி போன இடம் எது என்பதைச் சொல்லவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு அது என்றைக்கும் தெரிய வேண்டியதில்லை.

அப்போதுதான் டீச்சரின் போனில் கணவர் வந்தார். அவள் ஜன்னல் பக்கம் போய் எடுத்தாள்.

எங்கே இருக்கிறாய், இவ்வளவு நேரம் ஏன் வரவில்லை என்று கேட்டார். அவர் குரலிலும் கலவரம் இருந்தது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அத்தான்கிட்ட வீடு எங்கன்னு சொல்லிட்டீங்களா?"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"இன்னும் சொல்லல," என்றார் அவர். "இங்க பாரு, அந்த மனுஷன் போன்ல அழறார். நான் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் உட்கார்ந்து பேசிடலாம். எங்க இருக்கீங்க சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து, எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டு அவள் சொல்லாமல் இருந்ததில்லை. சந்தை, பஸ் ஸ்டாண்ட், அம்மா வீடு, எங்கே இருந்தாலும். இன்னும் என்ற அந்த ஒரு சொல் காதிலேயே நின்றது. அவள் பதில் சொல்லாமல் போனை அணைத்தாள்.

இன்று இரவு மாடி அறைக்குப் போக முடியாது. அந்தக் கதவு அத்தானுக்குத் தெரிய ஒரு வார்த்தைதான் பாக்கி. டீச்சர் வீட்டுக்கும் போக முடியாது. ஹெச்.எம். தன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்றார். அதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம், நானும் வருகிறேன், டீச்சர் எனக்குச் சொன்ன மாதிரியே அங்கே இரண்டு பேரும் சொல்ல வேண்டும் என்றார். அக்கா தலையசைத்தாள். மறுக்கவில்லை. அவள் மறுக்காமல் இருந்ததே டீச்சருக்கு ஒரு தைரியமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டார்கள்.

வாட்ச்மேன் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மைதானம் இருட்டத் தொடங்கியிருந்தது.

"மேடம், கேட்டுக்கு வெளியில ஒருத்தர் வந்து நிக்கிறார். வீட்டுக்காரராம். உள்ள விடுங்கறார்."

"யாரோட வீட்டுக்காரர்?" என்றார் ஹெச்.எம்.

"அதை நான் கேட்கலை மேடம்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். நேற்று இதே கேள்விக்கு இரண்டு வெவ்வேறு பதில்கள் இருந்தன. ஒன்று பயம், இன்னொன்று நிம்மதி.

டீச்சர் மிளகை அம்மாவின் பின்னால் நகர்த்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டைத் திறக்காதீங்க," என்றாள் வாட்ச்மேனிடம். "யாரா இருந்தாலும் சரி, கம்பிக்கு அந்தப் பக்கமே நிக்கட்டும். நான் வந்து பேசறேன்."

அக்கா குழந்தையை ஹெச்.எம்.மின் கையில் கொடுத்தாள்.

"நீ மட்டும் இல்ல," என்றாள். "நானும் வரேன்."